யார் விரல் முதலில்

இருபது வருஷமாகத் தினமும் காலையில் என் விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பது என் வீட்டுக்காரர்தான். தையல்காரர் இல்லையா, ஊசி பிடித்த கை. வலிக்கவே வலிக்காது. மெஷினில் எண் வந்ததும், "இன்னிக்குப் பரவால்லடி" என்பார். அதைக் கேட்கவே நான் சீக்கிரம் எழுந்துவிடுவேன்.

என் தங்கச்சி வந்தாள், எல்லாம் போயிற்று. கட்டி என்று அவள் கணையத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் எங்களோடு வந்துவிட்டாள். இப்போது அவள் விரல்தான் முதலில்.

ஒரு நாள் சர்க்கரை இறங்கி அவளுக்குக் கை நடுங்கியது. இவர் ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

"நான் ஒரு துண்டு கேக் கேட்டா கொலைகாரியப் பாக்குற மாதிரி பாப்பீங்க. அவளுக்கு மட்டும் ஊட்டி விடுவீங்களா?"

"உன் கணையம் சோம்பேறி, ஆனா உள்ள இருக்கு. அவளுக்கு இல்லவே இல்லடி. இன்சுலின் சுரக்கவும் வழியில்ல, சர்க்கரை இறங்கினா ஏத்திவிடவும் வழியில்ல. ரெண்டையும் நாமதான் பாக்கணும்."

"நல்லா பாருங்க" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை அவர் துணி வாங்கப் போயிருந்தார். தங்கச்சி தானே இன்சுலின் போட்டுக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, ஊசி போட்டாச்சு. சாப்பாடு?"

"வருது இரு. மகாராணிக்கு அவசரம்."

அடுப்பைப் பற்றவைக்காமல் துணி மடிக்கப் போனேன். கொஞ்சம் காத்திருக்கட்டுமே. நான் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி டாக்டரே மெச்சுவார், அவளுக்கும் நல்லதுதானே என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

திரும்பி வந்தால், வேர்வையில் நனைந்து மேஜையில் தலை சாய்த்திருந்தாள். என்னைப் பார்த்து "அம்மா" என்றாள்.

ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அவள் விரலில் குத்தினேன். நாற்பத்தொன்று; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் "அக்கா" என்றாள். அதற்கப்புறம் ரொட்டியும் முட்டையும்.

மத்தியானம் வந்தவர் அவள் விரலைப் பார்த்தார். "யாரு குத்தினது? சாக்கு தைக்கிற ஊசியா?"

"அக்காதான். சர்க்கரை இறங்கிடுச்சு, காப்பாத்திட்டா."

"நான்தான் இறக்கினேன்" என்றேன். "வேணும்னேதான் லேட் பண்ணினேன்."

அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தட்டு வைத்தது அவர்தான்.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தார். நான் வாங்கிக்கொண்டேன். தங்கச்சியின் தட்டு ஏற்கெனவே மேஜையில் இருந்தது.

"இனிமே அவளுக்கு நான் குத்துறேன். தட்டு வெச்சப்புறம்தான் இன்சுலின் ஊசி." என் விரலை நீட்டினேன். "நீங்க எனக்குக் குத்துங்க."

"அத்தான், என் விரல் பாவம்" என்றாள் தங்கச்சி.

"பழகிக்கோ" என்றேன்.