ஒற்றைப்படையில் முடியும் எண்

"முதல் பதினஞ்சு இலக்கம் சரியா இருக்கில்ல? மிச்சத்துக்குப் பூஜ்யம் விழுந்தா என்ன குடியா முழுகிப்போச்சு?" என்று அண்ணன் கத்தியது மூன்று வீடு தள்ளிக் கேட்டது. தங்கை கத்தியது தெருமுனை வரை கேட்டது. "நான் அஞ்சரை மாசமாப் பட்டினி கிடந்தேன்னு ஆகும்ணா! அவர் பார்த்தா என்ன நினைப்பார்?" அவர் என்று அவள் சொன்னது, இறந்து இருபது மாதமாகிவிட்ட தன் புருஷனை. சண்டை, அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் தினமும் வளர்ந்துகொண்டிருந்த ஓர் எண்ணைப் பற்றியது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிற நல்ல பழக்கம் அவர்களுக்கு இருந்ததால் எங்கள் தெருவில் யாரும் எதையும் யூகிக்க வேண்டியிருக்கவில்லை.

புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்தில் எந்த இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாலும் மதியம் மூன்று மணிக்கு அவளுக்குப் போன் செய்து "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். பத்து வருடமும் இந்த ஒரே கேள்விதான். அவள் வானிலைத் தகவல்களைச் சேமித்து வைக்கிற அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவள். வேலை மும்முரத்தில் பாதி நாள் சாப்பிடாமலேயே "ஆச்சு, ஆச்சு" என்று போனை வைத்துவிடுவாள். ஒரு நாள் அவர் ஏதோ ஓர் ஏழாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் மூன்று மணிக்கு, அவர் சட்டை மாட்டுகிற ஆணிக்குக் கீழே, ஈரம் கசிந்தது போல ஒரு பூஜ்யம் தெரிந்தது. பதினோரு நாள் அது பூஜ்யமாகவே இருந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். சுவரில் ஒன்று என்று வந்தது. அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்கு எண் இரட்டிக்கும். அன்று அவள் சாப்பிட்டிருந்தால் கூடவே ஒன்று ஏறும். ஆகவே கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் சாப்பிட்டிருக்கிறாள், இரட்டைப்படை என்றால் இல்லை. பின்னாலிருந்து பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் அந்த முதல் இரண்டு வாய் வரைக்கும் ஒவ்வொரு நாளும் தெரிந்துவிடும். போனில் செல்லுபடியான பொய் சுவரில் செல்லவில்லை. இரண்டு முறை வெள்ளையடித்தார்கள். இரண்டு முறையும் சுண்ணாம்பைத் தாண்டி வந்தது. சர்க்கரை கேட்கிற சாக்கில் நாங்களும் போய்க் கடைசி இலக்கத்தைப் பார்த்துவிட்டு வருவோம். இரட்டைப்படையாக இருந்தால் டிபன் பாக்ஸ் அனுப்புவோம். மூடியைக்கூடத் திறக்காமல் நன்றி சொல்லித் திருப்பி அனுப்புவாள். அழுத்தக்காரி.

அப்போதுதான் சாலையை அகலப்படுத்த எங்கள் வரிசையில் நான்கு வீடுகளை இடிப்பதென்று முடிவாயிற்று. அதற்குள் எண் நூற்றெண்பத்தொரு இலக்கத்துக்கு வளர்ந்து, ஆணியிலிருந்து தரைவரை ஒன்பது வரிகளாக இறங்கியிருந்தது. போட்டோ எடுத்துப் பார்த்தார்கள். போட்டோவில் அது அன்றைய தேதியோடு நின்றுபோனது. வளர இடமில்லாத இடத்துக்கு அந்த எண் வராது என்பது தெளிவாயிற்று. சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிற அண்ணன், தங்கைக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு, கிடங்குக்காரர்கள் மூட்டை எண்ணிக்கை எழுதுகிற கம்ப்யூட்டர் அட்டவணையில் ஒரே கட்டத்தில் அத்தனை இலக்கத்தையும் தட்டினான். அந்த அட்டவணை எந்த எண்ணிலும் முதல் பதினைந்து இலக்கத்தைத்தான் மதிக்கும். மீதி நூற்று அறுபத்தாறையும் பூஜ்யமாக்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் கடைசி நூற்று அறுபத்தாறு நாளும் பட்டினி. சண்டை அதில்தான் தொடங்கியது.

"உன் மூட்டைக் கணக்கு எனக்கு வேண்டாம். நானே எழுதிக்கிறேன்," என்று அவள் உட்கார்ந்தாள். எத்தனை பெரிய எண்ணும் தங்குகிற மாதிரி ஒரு கோப்பு. முதலில், எண் எத்தனை பைட் நீளம் என்று எழுத வேண்டும். பைட் என்பது மெஷின் எண்ணைப் போட்டு வைக்கிற சின்னப் பெட்டி, எண் எட்டு முறை இரட்டித்தால் ஒன்று நிறையும். பிறகு எண்ணைச் சின்ன முனையிலிருந்து பைட் பைட்டாக அடுக்க வேண்டும். சில மெஷின் இந்த முனையிலிருந்து படிக்கும், சில அந்த முனையிலிருந்து படிக்கும். எந்த முனை முதலில் என்று கறாராக வைத்துவிட்டால் எங்கே திறந்தாலும் அதே எண்தான். சுவரில் இருந்தது எழுபத்தாறு பைட்டில் அடங்கிற்று. அவள் எழுதி முடித்த மறுநாள் மூன்று மணிக்குச் சுவர் அசையவில்லை, கோப்பு இரட்டித்தது. அண்ணனுக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே.

"அந்த நீளத்தை எழுதறதுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கே?"

"ஒரு பைட். இருநூத்தம்பத்தஞ்சு வரைக்கும் போகும்."

"ஒரு பைட்டுக்கு எத்தனை நாள்?"

"எட்டு."

கிடங்குக்காரனுக்கு வாய்க்கணக்கு வராவிட்டால் எப்படி. "ரெண்டாயிரத்து நாப்பது. அறுநூறு போயாச்சு. நாலு வருஷம்கூட முழுசா வரலியே. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதுக்குண்ணா?"

அந்த வீட்டில் சத்தம் நின்றது அன்றைக்குத்தான். நாங்கள் ஜன்னலோரம் போய் நின்றோம். அண்ணன் அழுதான் என்று எதிர்வீட்டுக்காரி சத்தியம் செய்கிறாள். மூக்கைச் சிந்தியது மட்டும்தான் எனக்குக் கேட்டது. பிறகு அவன், வாழ்நாளிலேயே முதல் முறையாக மெல்லிய குரலில், "மாத்தும்மா," என்றான். "என்னால முடியல அண்ணா," என்றாள். "எழுதத்தானே சொல்றேன். எழுதி வை. இருக்கிறதப் பத்தி அப்புறம் பேசலாம்." ஒரு தட்டில் சோறு போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவை அடைத்துக்கொண்டு குறுக்கே உட்கார்ந்தான். அவள் மாற்றினாள். நீளத்தை எழுதுகிற ஒவ்வொரு பைட்டிலும் ஓர் ஓரத்தை மட்டும் ஒதுக்கி, இன்னும் இருக்கிறது அல்லது முடிந்தது என்று சொல்ல வைத்தாள். இருக்கிறது என்றால் அடுத்த பைட்டைப் படிக்க வேண்டும். இதற்கு மேல் போகாது என்று எந்த இடத்திலும் கோடு கிழிக்கவில்லை. தட்டுச் சோறு ஆறிப்போய் அப்படியே இருந்தது. அன்றைய எண் இரட்டைப்படை.

வீட்டை இடித்தார்கள். சுவர் சாதாரணச் சுவராகத்தான் விழுந்தது. அவள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக்குக் குடிபோனாள். அவளுக்கு மறு கல்யாணம் ஆகும் என்று பந்தயம் கட்டிய எல்லாரும், நானும்தான், தோற்றோம். கல்யாணம் ஆனது அண்ணனுக்கு, நாற்பத்தாறு வயதில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒரு பெண்ணோடு. இருவரும் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். அங்கே அவனுடைய மெஷின் வேறு ஜாதி, அந்த முனையிலிருந்து படிக்கிற வகை. அவள் கொடுத்தனுப்பிய கோப்பு அதிலும் இலக்கம் பிசகாமல் திறக்கிறது, அங்கேயும் வளர்கிறது. முதல் பதினைந்து போதும் என்று கத்தியவன் இப்போது நூற்றுக்கணக்கான இலக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி ஒன்றை மட்டும் பார்க்கிறான். ஒற்றைப்படை என்றால் வேலைக்குக் கிளம்புகிறான். இரட்டைப்படை என்றால் போன் செய்கிறான். ஏறக்குறைய நாலு வருஷம் கழித்து, ஒரு பைட்டில் முடிந்திருக்க வேண்டிய அந்த நாளுக்கு மறுநாள், தனக்கு வேண்டிய இடத்தைக் கோப்பு தானே எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்ததில் அவள் சாப்பிட மறந்துவிட்டாள். மூன்று மணி தாண்டியதும் போன் அடித்தது. யார் என்றுகூடப் பார்க்காமல் எடுத்து, "இல்ல, இன்னும் இல்ல," என்றாள்.