கூடப் போகாதவள்

தசரதன் தன் அப்பாவையும் அம்மாவையும் கன்னியாஸ்திரிகள் நடத்திவந்த முதியோர் வீட்டில் சேர்த்துவிட்டு, நிஜாம் சீமையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சுரங்கத்துக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேலைக்குப் போனான். போகும்போது, "அங்க ஒரு எடம் கெடைச்சதும் வந்து இட்டுக்கினு போறேன்" என்றான். அப்பா ராஜப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கங்கம்மாதான், "பசங்களுக்குத் தண்ணி மாறினா சளி புடிக்கும், பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினாள்.

வேறு வழியும் இருக்கவில்லை. தங்க வயலில் வெள்ளைக்காரர்கள் ஷாஃப்ட் என்னும் சுரங்கக்கிணறு இறக்கத் தொடங்கிய காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர் ராஜப்பா. பூமிக்கடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. தூசி நெஞ்சில் இறங்கி, இப்போது சேர்ந்தாற்போல் கொஞ்சம் பேசினாலே இருமல் வந்துவிடும். வேலைக்குப் போகாதவர்களுக்குச் சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் லைனில் குடிசை கிடையாது. மகன் பேரில் இருந்த குடிசையும் அவன் கிளம்பியதும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. ஊரிகம் ஸ்டேஷனுக்கு அப்பால் மேட்டில் இருந்த அந்த வீட்டில்தான், போக்கிடம் இல்லாத கிழவர்களை எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்காமல் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சட்டம் மட்டும் இருந்தது. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். நடுவில் சுவர். புருஷன் பெண்டாட்டியானாலும் அப்படித்தான். சாயங்காலம் மணி அடித்ததும் சுவரிலிருந்த கதவைத் திறப்பார்கள். புங்கமரத்தடியில் உட்கார்ந்து விளக்கு வைக்கும் வரை பேசிக்கொள்ளலாம்.

"இது இன்னா ஜெயிலா?" என்று ராஜப்பா சத்தம் போட்டார்.

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான், பெரியவரே. எனக்கும் சேத்துத்தான்" என்றார் பொறுப்பிலிருந்த கன்னியாஸ்திரி பியாட்ரிஸ்.

முதல் சில நாட்கள் கங்கம்மா அழுதுகொண்டே இருந்தாள். விடியுமுன் சுரங்கத்துச் சங்கு ஊதியதும் விழித்துக்கொள்வாள். அடுப்பு மூட்டும் வேலை இல்லை என்பது உறைக்கக் கொஞ்ச நேரமாகும். யாரோ சுடச்சுடக் கஞ்சி கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் இசபெல்லா. கால் விளங்காதவள். ஒருகாலத்தில் துரை வீட்டில் ஆயாவாக இருந்தவள். "இன்னாக்கா, யாருக்குக் காத்துக்கினு கீற? குடி, ஆறிப்பூடும்" என்றாள்.

யாருக்காகக் காத்திருந்தோம் என்று கங்கம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. புருஷன் சாப்பிட்டு, மகன் சாப்பிட்டு, பேரப்பிள்ளைகள் சாப்பிட்டு, சட்டியில் மிஞ்சியதைத்தான் அவள் இதுவரை தின்றிருக்கிறாள். அன்றைக்குக் கஞ்சி தொண்டையைச் சுட்டது. அந்தச் சூடு அவளுக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அழுகை குறைந்தது. கட்டிலில் படுத்தாள். யாரும் எழுப்பவில்லை. பகலில் தூங்கினாள். இசபெல்லா துரைசானிகளைப் போலப் பேசிக் காட்டும்போது வயிறு வலிக்கச் சிரித்தாள். சாயங்கால மணி அடித்தால் மட்டும் எழுந்து உட்கார்வாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த சுவடே இல்லாமல் மரத்தடிக்குப் போவாள்.

"சோறு கல்லாட்டம் கீது" என்பார் ராஜப்பா. "பக்கத்துல படுத்துக்கினு கீற கெழவன் ராவெல்லாம் மொனகறான். முதுகு தேச்சி உட ஆளில்ல. உனக்கு?"

"எனக்கும் அப்படித்தான்" என்று அவள் பொய் சொன்னாள்.

ஒருநாள் மணி அடிப்பதற்கு முன்பே கதவு திறந்திருந்தது. ராஜப்பா பெண்கள் கூடத்துக்குள் வந்தார். கங்கம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள். அவர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அன்று மரத்தடிக்கும் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் டேவிட் வந்தான். ராஜப்பாவோடு சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுத்தவன். ராபர்ட்சன்பேட்டையில் புதிதாக விறகுத்தொட்டி வைத்து விறகு விற்றுவந்தான். அவன் போன பிறகு ராஜப்பாவின் முகத்தில் பழைய களை தெரிந்தது.

"தொட்டிக்குக் காவலுக்கு ஆள் வேணுமாம். ஒரு கொட்டகை இருக்குது, நாம இருந்துக்கலாம். துணிய மூட்டை கட்டு, நாளைக்கு டேவிட் வண்டி அனுப்பறேன்னு சொல்லிக்கீறான்."

கங்கம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, காது கேக்கலியா?"

"நான் வர்ல."

"இன்னா?"

"நான் வர்லய்யா. என்னால முடியாது."

அவருக்கு இருமல் வந்தது. அது அடங்கும் வரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அடங்கியதும் அவள் கையைத் தள்ளிவிட்டார்.

"அப்ப எனக்கு யாரு ஆக்கிப் போடுவா? வெந்நி யாரு வைப்பா?"

"அதுக்குத்தான கூப்புடற?"

அப்படிக் கேட்டுவிடுவோம் என்று அவளே நினைக்கவில்லை. ராஜப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஓசிச் சோறு ருசி கண்டுக்கினியா?" என்றார்.

"ஆமா" என்றாள் கங்கம்மா. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஒக்காந்ததில்ல. லைனுக்கு வந்தப்புறம் கல்லு பொறுக்கினேன், மண்ணு சொமந்தேன், வந்து ஒல வச்சேன். இங்கதான் ஒக்காந்துக்கினு கீறேன். நீயும் இரு. போவாத."

"பொண்டாட்டிய செவுத்துக்கு அந்தாண்ட உட்டுட்டு இங்க என்னால இருக்க முடியாது" என்றார் அவர். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் உதடு கோணியது.

மறுநாள் வண்டி வந்தது. அவர் தனியாக ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்கள் கூடம் இரண்டு கட்சியானது. "கட்டினவனத் தனியா உட்டுட்டாளே" என்று சிலர் அவள் காதுபடப் பேசினார்கள். இசபெல்லா அவர்களோடு சண்டை போட்டாள். மழை வலுத்த நாட்களில் கங்கம்மா துணிகளை எடுத்து மூட்டை கட்டுவாள். கொட்டகை ஒழுகுமே, விறகு ஈரமாக இருக்குமே என்று தோன்றும். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய், நின்று, திரும்பி வந்து அவிழ்த்து வைத்துவிடுவாள்.

ஐப்பசி அடைமழையில் ராஜப்பாவை டேவிட் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தான். காய்ச்சல் கொதித்தது. எச்சிலில் ரத்தம் வந்தது. பியாட்ரிஸ் சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "நீங்க அவருகூட இருங்கம்மா" என்று கங்கம்மாவை ஆண்கள் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வலது கையில் வெந்துபோன வடு இருந்தது.

"இது இன்னா?"

"ஒல எறக்கறப்ப ஊத்திக்கினேன்." கண்ணை மூடியபடியே சொன்னார். இருமி ஓய்ந்ததும், "நீ வந்திருந்தீன்னா எனக்கு இப்டி ஆயிருக்காது" என்றார்.

இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமா, ஆயிருக்காது" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவள் மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. பிறகு, "இங்க உனக்கு நெசமாவே நல்லா கீதா?" என்று கேட்டார்.

"கீது."

"முன்னாடியே சொல்லிருக்கலாமில்ல."

"சொன்னா நீ தாங்குவியா?"

அவள் பிடித்திருந்த தன் கையை அவர் இந்தமுறை உதறவில்லை. இரண்டு நாள் கழித்து இறந்துபோனார்.

தகவல் போய்ச் சேர்ந்து தசரதன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டேவிட்தான் முன்னின்று ஆக வேண்டியதைச் செய்தான். தசரதன் அம்மாவைப் பார்த்ததும் அழுதான். அழுகை ஓய்ந்ததும், "நீ அவருகூடப் போயிருக்கலாம்மா" என்றான்.

"போயிருக்கலாம்."

"சரி, இப்பவாவது எங்கூட வா. உம் மருமவளுக்கு ஒடம்பு சரியில்ல, பசங்களப் பாத்துக்க ஆளில்ல."

அவள் மகன் தலையைத் தடவினாள். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தாள். "நான் இங்கியே கீறேன்டா" என்றாள். அவன் கோபித்துக்கொண்டு மறு ரயிலுக்கே கிளம்பினான். பியாட்ரிஸும் அவளும் ஊரிகம் ஸ்டேஷன்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார்கள்.

மேடு ஏறும்போது கங்கம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பியாட்ரிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப மனசு ஒடிஞ்சி போயிட்டீங்களாம்மா?"

"அவரு திரும்பி வந்து கூப்ட்டாலும் நான் போவ மாட்டேன், தாயி" என்றாள் கங்கம்மா. "அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

பியாட்ரிஸ் பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். இருவரும் மேட்டில் ஏறினார்கள்.