தபால்காரனின் தொண்டை

செங்கோட்டையன் வெற்றிலைக் கொடிக்கால் வரப்பில் ஏறியதுமே அழுகை கேட்டது. உச்சி வெயில். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நாலே நாலு ஓட்டு வீடுகள். ஏதோ ஒன்றில் யாரோ ஒப்பாரிக்கு முன்னால் எழும் ஒற்றை இழுப்பாக இழுத்து அழுதார்கள். அவன் பையிலோ அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு கார்டு. பட்டாளத்துக்குப் போன பிள்ளை சௌக்கியம் என்று எழுதியது. வாசலை நெருங்கியதும் அழுகை நின்றது. இழவுக்கான அடையாளம் எதுவும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கார்டை இடுக்கில் செருகிவிட்டுத் திரும்பினான்.

ஜேடர்பாளையத்தைச் சுற்றி ஒன்பது ஊருக்கு அவன்தான் தபால்காரன். சண்டை பர்மாவுக்கு வந்த பிறகு, கடிதத்தைக் கொடுப்பதோடு வேலை முடியவில்லை. படிக்கத் தெரியாத வீடுகளில் அவனேதான் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்தில் பதினோரு சாவைத் தன் வாயால் படித்திருந்தான். படித்து முடித்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த ஊருக்கு நடந்துவிடுவான். சர்க்கார் உடுப்பில் இருப்பவன் அழுதால் நன்றாகவா இருக்கும்? கடைசியாகப் படித்தது குஞ்சம்மாளுக்கு. அவளுடைய ஒரே மகன் கைலாசம். அதற்குப் பிறகுதான் இந்தச் சத்தம் தொடங்கியது.

மனைவி சின்னாயியிடம் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. ஆனால் ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்கும் கேக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே பூசாரியிடம் இழுத்துக்கொண்டு போனாள். செத்த பதினோரு பேரும் தோளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார் பூசாரி. வேப்பிலையால் முதுகு சிவக்க அடித்துக் கறுப்புக் கயிறு கட்டினார். அதற்கடுத்த நாள் இரண்டு தெருவில் அழுகை கேட்டது.

அன்று குஞ்சம்மாளுக்குத் தபால் எதுவும் இல்லை. ஆனாலும் அவள் தெருவில் அழுகை கேட்டதும் கால் அவள் வாசலில்தான் போய் நின்றது. அந்தத் தெருவில் திறந்திருந்தது அவள் கதவு மட்டும். கல்லால் ஆமணக்கு முத்து உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் ஆத்தா, இங்க யாரு அழுதது?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உக்காரு சாமி. அழுதது நீதான்."

"நானுங்களா?"

"வாய் மூடியேதான் இருக்குது. தொண்டைக்குள்ளாற இருந்து வருது. ஒரு மாசமா இப்படித்தான் வாரே. பேய் புடிச்சவங்கிட்டப் பேசுனா அது நம்ம மேல ஏறிக்கும்னு ஒருத்தியும் சொல்லலே."

அவன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். விரலுக்கடியில் அது அதிர்ந்துகொண்டிருந்தது, அவனைக் கேட்காமலேயே.

"உங்களுக்குப் பயமில்லீங்களா?"

"எம்பட மகன் சேதியப் படிக்கையில உங்கையி நடுங்குச்சு. குரல் நடுங்கலே. அன்னைக்கே நெனச்சேன், இத்தனையும் இவனுக்குள்ள எங்க போய்ச் சேருதோன்னு."

செங்கோட்டையன் செத்த பதினோரு பேரில் முதல் பெயரைச் சொன்னான். பிறகு அடுத்ததை. எந்த ஊர், எந்த வீடு, படிக்கும்போது யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் வந்தது. குஞ்சம்மாள் முத்தை உடைத்துக்கொண்டே கேட்டாள். கைலாசம் என்றபோது மட்டும் அவள் கையிலிருந்த கல் நின்றது. அவனும் நிறுத்தினான். "சொல்லு சாமி," என்றாள். அவன் வாயைத் திறந்து அழுதான். தெருவில் சாத்தியிருந்த கதவு ஒன்றில் உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது பையில் ஒரு உறை மிச்சமிருந்தது. அதே தெருக் கடைசி வீட்டு ராசாத்திக்கு. அவள் புருஷன் பட்டாளத்தில் இருந்தான். பட்டாளத்து முத்திரை. உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது.

"நானும் வாரேன்," என்று குஞ்சம்மாள் முன்னால் நடந்தாள். போய்க் கதவைத் தட்டினாள். "ராசாத்தி, நாந்தான். கூடவே நிக்கிறேன். தொற."

வெகுநேரம் கழித்துக் கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. உள்ளிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் வெயிலுக்குள் நீண்டு, காற்றைத் தடவித் தடவி குஞ்சம்மாளின் கையைத் தேடியது.