மூன்றாவதாக ஓடியவள்

1

இப்போதெல்லாம் எல்லோரும் ஓடுகிறார்கள். விடிந்தும் விடியாததுமாக என் கடை வாசலைத் தாண்டித் தொப்பையும் தாங்களுமாகப் போகிறார்கள். ஓடுகிறவன் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும், இல்லை நாய்க்குப் பயந்து ஓட வேண்டும். இவர்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று, மணிக்கட்டைப் பார்த்துப் பூரித்து, அதை ஊருக்கெல்லாம் போனில் அனுப்புகிறார்கள். விளையாட்டு மனிதனை உயர்த்துமாம். ஏணியும்தான் உயர்த்தும். ஏறினவன் இறங்க வேண்டாமா?

இந்த எரிச்சலில்தான் கதை பிறந்தது. ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருந்த என் மருமகளை எதிர்த்து எழுத உட்கார்ந்தேன். எப்படியோ அது அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. எழுத்தை நம்பக் கூடாது. கண்ணாடி என்றால் கோடு போட்ட இடத்தில் உடையும்.

(நான் கண்ணாடி அறுத்து ஜன்னலுக்குப் பொருத்துகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "அந்தி வானம் சிவந்திருக்க, மைதானத்தில் ஒரு மான்குட்டி..."

வேண்டாம். அவள் மான்குட்டி இல்லை. நல்ல உயரம், அகலத் தோள், குறட்டை வேறு.

அடுத்து: "வறுமையோடு போராடி..." அதுவும் பொய். அவள் அப்பா வசதியாகத்தான் இருந்தார்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். என் மகன் பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவி பள்ளிக்கூட நாளில் தொடர் ஓட்டம் ஓடியவள். நான்கு பேர், ஒரு குச்சி. ஒருத்தி ஓடிவந்து அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். இவள் மூன்றாவது ஆள், வளைவில் ஓடுகிறவள். முதல் ஆள் புறப்படுவதை எல்லோரும் பார்ப்பார்கள். கடைசி ஆள் ஜெயிப்பதைப் போட்டோ எடுப்பார்கள். மூன்றாவது ஆளைப் பெற்றவர்களே தேடித்தான் பார்க்க வேண்டும்.

குச்சி வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். பின்னால் வருகிறவள் "கை" என்று குரல் கொடுப்பாள். உடனே கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

"பார்க்காம எப்படிம்மா வாங்குவே?"

"பார்த்தா வேகம் போயிடும் மாமா."

"குச்சி வரலைன்னா?"

"வரும்."

இதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பழக்கடையில் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையை விரிக்கிறவன் நான்.

3

வீட்டிலும் அதே பழக்கம். அவள் பாத்திரம் துலக்கும்போது கை பின்னால் நீளும், தலை திரும்பாது. என் மகன் அடுத்த தட்டை அதில் வைப்பான். ஒரு நாள் அவன் இல்லாத நேரம், என் பழைய செருப்பை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். திரும்பித் திட்டுவாள் என்று பார்த்தேன். விரலால் தடவினாள்.

"தப்பான குச்சி மாமா" என்று சொல்லி, அதையும் சோப்புப் போட்டுக் கழுவி வைத்துவிட்டாள்.

அடுத்த நாளும் கையை அதேபோல நீட்டினாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என்னிடம் ஒருவன் ஒருமுறை செருப்பை நீட்டியிருந்தால், ஏழு தலைமுறைக்கும் அவனுக்கு முன்னால் நான் கையை விரித்திருக்க மாட்டேன்.

(வாசகருக்கு: இப்படி ஒருத்தி இருப்பாளா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரே வீட்டில் இருந்து பார்க்கிறேன், இன்னும் ஓட்டை அகப்படவில்லை. சீட்டாட்டத்தில் தோற்றால் எழுந்து கை குலுக்குகிறாள். புருஷன் கத்தினால் கத்தி முடிக்க விடுகிறாள், பிறகு தன் பங்குக்குக் கத்துகிறாள், பிறகு தூங்கப் போகிறாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது என்ற கலையே அவளுக்குத் தெரியவில்லை.)

4

அவள் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே அறுக்கப் பழகினாள். எனக்கோ முழங்கால் போய்விட்டது. பக்கத்து டயர்க்காரர் கடையைத் தனக்கு விடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு எதுக்கு? எனக்குக் குடுங்க மாமா" என்றாள்.

"வாய் இருக்குன்னு கேட்டுடறதா?"

"வேற எதால கேக்கறது?"

அதனால் பந்தயம் வைத்தேன். பல் வைத்தியர் ஒருவருக்கு மாடியில் பெரிய ஜன்னல். கண்ணாடியை இரண்டு பேராகப் படியேற்ற வேண்டும். முழுசாகப் போய்ச் சேர்ந்தால் கடை அவளுக்கு. உடைந்தால் மறுநாள் சாவி டயர்க்காரருக்கு.

"சரி" என்றாள். ஆட்டத்துக்கு விதி என்று ஒன்று இருந்துவிட்டால் அவளுக்குப் போதும்.

5

படியில் கண்ணாடி தூக்கும்போது கீழே நிற்பவன் மேல்தான் பாரம். என் வயசு முழுக்க நான்தான் கீழே நின்றேன். பாரத்துக்கு ஆசைப்பட்டு இல்லை, முன்னால் போகிறவன் கை எனக்குத் தெரிய வேண்டும். இந்த முழங்காலோடு அது நடக்காது. முதல் தடவையாக நான் முன்னால், அவள் பின்னால்.

"திருப்பத்துல பாரத்தை நான் வாங்கிக்குவேன் மாமா. கைன்னு சொல்லுவேன். அப்ப பிடியை மாத்துங்க. திரும்பாதீங்க."

இதற்குப் பிறகு நடந்ததை மூன்று விதமாக எழுதினேன். முதலில், படி ஈரமாக இருந்தது. அன்று சொட்டு மழை இல்லை. அடுத்து, அவள் பிடி நழுவியது. அதை அடிக்கும்போது பேனா காகிதத்தையே கிழித்தது.

நடந்தது இது. திருப்பத்தில் "கை" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன்.

மூலை சுவரில் இடித்தது. விரிசல் குறுக்கே ஓடி, கண்ணாடி பாதியாகப் பிளந்தது. இரண்டு பாதியும் அவள் கையில் இருந்தன. என் மேல் ஒரு சில்லு விழவில்லை.

"யாரால உடைஞ்சுது தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். என் வழக்கம் அது. ஒரு கண்ணாடி உடைந்தால் வாரக் கணக்கில் ஆள் தேடுவேன்.

"உடைஞ்சுது. அவ்வளவுதான். விதிப்படி கடை டயர்க்காரருக்கு. வாங்க, இன்னொண்ணு அறுக்கணும்."

"பந்தயம்தான் முடிஞ்சு போச்சே. இன்னும் எதுக்கு?"

இறங்கும்போது சொன்னாள். பள்ளியில் கடைசி வருஷம், இறுதிப் போட்டி. குச்சி அவள் கையில் பட்டுக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் மற்றவர்கள் வளைவைத் தாண்டிவிட்டார்கள். இவள் முழு வளைவும் ஓடினாள்.

"தோத்தாச்சுன்னு தெரிஞ்சும் எதுக்கு ஓடினே?"

"நாலாவது ஆளு கையை நீட்டிக்கிட்டு நிக்கறாளே மாமா."

தெருவுக்கு வந்து நான் மேலே பார்த்தேன். ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகப் பல் வைத்தியர் தலையை நீட்டினார். உள்ளே ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி தூசி தின்றுகொண்டிருந்திருப்பான்.

"இன்னிக்கு வருமா வராதாய்யா?" என்று கேட்டார்.

"வரும்" என்றேன். என் வாயில் இருந்துதான் வந்தது.

6

இரண்டாவது கண்ணாடி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. திருப்பத்தில் "கை" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு பிடியை மாற்றினேன். (கண்ணை மூடினால் நம்பிக்கை என்று அர்த்தமில்லை. பயந்தாலும் மூடும்.)

அது பந்தயக் கணக்கில் சேராது என்று இருவருக்கும் தெரியும். அவள் கேட்கவும் இல்லை, பெருமூச்சு விடவும் இல்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

7

சாயங்காலம் கடையைச் சாத்தினோம். ஷட்டரைக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்திருந்தாள். வழக்கம்போல ஒரு கை பின்னால் நீண்டது. தலை திரும்பவில்லை. சாவி என் சட்டைப் பையில்.

ஒரு முடிவு: பூட்டிவிட்டுச் சாவியை நானே கொண்டுபோய் மறுநாள் டயர்க்காரரிடம்...

இன்னொன்று: நான் "கை" என்று...

எழுத மாட்டேன். விதி வைத்தவன் நான், அதைக் கெடுத்தவனும் நான். தீர்ப்பும் நானே சொன்னால் எந்த மைதானத்தில் ஒப்புவார்கள்? நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஓடினால் மனிதன் உயர்வான் என்பதை நான் இன்னும் ஒப்பவில்லை. இவள் பிறவியே அப்படி இருக்கலாம். அந்த நான்கு பேரில் ஒருத்தி இப்போது ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம், யார் கண்டது?

நான் வீட்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் ஷட்டர் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முழங்கால் வலிக்கும், அவ்வளவுதான்.