எதிர்க்காற்றுக்கு ஒரு நிமிடம்

தென்காசிக் குறுவட்டப் போட்டியில் வட்டு எறிய வந்த பெண்கள் எல்லோரும் காற்று நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பு சங்கரேஸ்வரி மட்டும் அது வரட்டும் என்று காத்திருந்தாள்.

ஆடிக்காற்று மலையிறங்கி நேராக மைதானத்துக்குள் வந்தது. கோடு போட்ட சுண்ணாம்புப் பொடி நடுவர் நமசிவாயத்தின் மீசையில் ஏறியிருந்தது.

சங்கரேஸ்வரியின் அரசுப் பள்ளியில் மைதானத்தின் நல்ல பக்கம் கபடிக்காரர்களுக்கு. ஜூனில் ஒருநாள் அவர்கள் நகர மறுத்ததால், வேறு வழியில்லாமல் மலையைப் பார்த்து, காற்றின் முகத்திலேயே எறிந்தாள். வட்டு இரண்டு மீட்டர் கூடுதலாகப் போனது.

"டேப்பு அந்துருச்சாட்டி?" என்றாள் அளந்த தோழி உமாதேவி. மூன்று தடவை எறிந்து அளந்தார்கள். டேப்பில் குற்றமில்லை.

குற்றாலம் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை விரித்து, முன்பக்கத்தைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் கை தானாக மேலே ஏறும். வட்டும் அப்படித்தான். எதிர்க்காற்று அதன் அடியில் புகுந்து ஏந்திக்கொள்ளும். ஆனால் வட்டின் மூக்கை, அதாவது முன்விளிம்பை, அதிகமாகத் தூக்கிவிட்டால் அதே காற்று அதை வந்த வழியே திருப்பி அனுப்பும்.

இப்போது கடைசி எறி. முதல் இரண்டு பேருக்குத்தான் மாவட்டப் போட்டி. முதல் இடத்துக்காரி இருபத்தேழு மீட்டரில் எட்டாத தூரத்தில் இருந்தாள். சுந்தரபாண்டியபுரம் மாரித்தாய் இருபத்து நான்கு மீட்டரோடு இரண்டாவது. சங்கரேஸ்வரி இருபத்து மூன்றோடு மூன்றாவது. ஐந்து எறியிலும் காற்று அவளைக் கண்டதும் ஒளிந்துகொண்டது. ஆறாவது முறை பெயரைக் கூப்பிட்டதும் மறுபடி பொட்டென்று நின்றது.

எறிய ஒரு நிமிடம்தான். அவள் வட்டத்துக்குள் அசையாமல் நின்றாள்.

"நின்னுக்கிட்டே தூங்குதியாட்டி?" என்றாள் அடுத்து எறியக் காத்திருந்த மாரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள்.

உமாதேவி மேற்கே, வட்டு எறியும் திசையில், மதிலுக்கு அப்பால் தென்னைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை வளைந்தால் மூன்று வினாடியில் காற்று வட்டத்துக்கு வரும். காலையிலேயே எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

பதினைந்து வினாடி மிச்சம் என்று நமசிவாயம் மஞ்சள் கொடியைத் தூக்கினார். கொடி துவண்டு தொங்கியது.

"ஏட்டி, தென்னை" என்று கத்தினாள் உமாதேவி.

முதலில் தென்னை, பிறகு வரவேற்பு பிளெக்ஸ், பிறகு ஐஸ் வண்டிக் குடை, கடைசியாக நமசிவாயத்தின் தொப்பி. தொப்பி கிளம்பியபோது சங்கரேஸ்வரி சுழன்றுகொண்டிருந்தாள். வட்டு விரல்நுனியை விட்டுப் போனது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், வீட்டை மறந்தது போல இன்னும் கொஞ்ச தூரம் மிதந்தது. நமசிவாயம் எறி செல்லும் என்று ஒரு கையில் வெள்ளைக் கொடியைத் தூக்கிக்கொண்டே தொப்பியைத் துரத்தி ஓடினார்.

இருபத்தைந்து மீட்டர் நாற்பது.

மாரித்தாய்க்கு இன்னும் ஓர் எறி இருந்தது. அவள் அசடு இல்லை. வட்டத்துக்குள் போய், தென்னைகளைப் பார்த்தபடி அவளும் காத்து நின்றாள். தென்னை வளைந்தது. முன்னதைவிடப் பெரிய காற்று. மாரித்தாய் பலமெல்லாம் கூட்டி எறிந்தாள். வட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்துக்கு ஏறி, ஒரு கணம் யோசித்து, பின்னால் சரிந்து பத்தொன்பதாவது மீட்டரில் குத்தி நின்றது.

முதலில் சிரித்தது மாரித்தாய்தான். "நானும் காத்துக்குத்தானே எறிஞ்சேன். எனக்கு மட்டும் ஏன் திரும்பி வருது?"

சங்கரேஸ்வரி ஒரே ஓட்டமாக வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "மூக்கைத் தூக்கிட்டேட்டி. இந்தா பாரு, இவ்வளவுதான் தூக்கணும்."

"இதை ஒரு நிமிசத்துக்கு முன்னால சொல்லிருக்கலாம்லா?"

"அப்பம் நான் தூங்கிக்கிட்டுல்லா இருந்தேன்."