பக்கவாட்டுப் படம்

...இலை எங்கே, தண்டு எங்கே, எல்லாருக்கும் பூவின் முகம் மட்டும்தான் வேண்டும், ஆதார் அட்டைக்குப் பிடித்ததுபோல நேருக்கு நேர் ஒரு படம், பின்னால் காடெல்லாம் மங்கல், பச்சையை வேறு கூட்டி வைத்து, கீழே ‘ஐடி ப்ளீஸ்’ என்று பெயர் கேட்டு ஒரு வரி... பாகீரதிக்கு அந்த வரியைக் கண்டாலே குமட்டிக்கொண்டு வரும். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை, அந்தக் காட்டு ஆர்க்கிட் வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்ல அவள் ஒருத்திதான், போன வாரம்கூட யாரோ ஒருத்தி நகப்பூச்சு விரலால் இதழை விரித்துப் பிடித்து... சீ. தரையில் முளைக்கிற வெள்ளை ஆர்க்கிட் எல்லாம் முன்னாலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான், பூவுக்குப் பின்னால் தொங்கும் தேன்குழல் எத்தனை நீளம், இலை அடியிலேயே கூடியிருக்கிறதா தண்டில் ஏறுகிறதா, இது தெரியாமல் பெயர் சொல்லுகிறவன் ஜோசியன். எத்தனை தடவை எழுதித் தொலைப்பது?

நேற்று ராகேஷுக்கும் எழுதினாள். மற்றவர்களுக்கு இவன் தேவலாம், சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு இரும்புக்கடை, இவனுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, லீவு கிடைத்தால் பைக்கில் வித்துராவுக்கு மேலே மலைக்காட்டுக்கு ஏறிவிடுவான். அவன் படத்திலும் முகம் மட்டும்தான், ஆனால் கீழிதழின் ஓரத்தில் சீப்புப் பல்லாகக் கிழிந்த அந்த விளிம்பு... பதினொரு வருஷமாகக் காகிதத்தில் ஒட்டிய பழுப்புச் சருகாக மட்டுமே அவள் பார்த்திருந்த செடிக்கு அப்படித்தான் இருக்கும், அதுவா, இருக்காது, இருந்தால்? கை பரபரக்க எழுதினாள்: பக்கவாட்டில் ஒரு படம், பின்பக்கம் ஒன்று, இலை முழுசாக, முடிந்தால் கிழங்கு.

இன்று பதினொன்றரைக்கு எல்லாம் வந்து சேர்ந்தன. பைக் சீட்டில் ஈரத்துண்டு விரித்து, வேரோடு பிடுங்கிக் கழுவிய செடி, இரண்டு கிழங்கும் வெள்ளை வெளேரென்று, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி... “டீச்சர், பறஞ்ச மாதிரி எல்லாம் எடுத்தாச்சு, கேட்டோ. நல்ல க்ளியர் இல்லே?” பாதி மலையாளமான அந்தக் குரல்பதிவில் என்ன பெருமை! படுபாவி, தடிமாடு, ஒரு படத்துக்காகவா... வேறு செடி பக்கத்தில் உண்டா என்று கேட்டாள். “இல்ல டீச்சர், ஒண்ணே உண்டாயிருந்தது. சுத்தி முழுக்கத் தேடி நோக்கினேன்.” ஒன்றே ஒன்று. பூத்து நிற்கிற செடி, மண் துளிகூட இல்லாமல் கழுவியாகிவிட்டது, திரும்ப நட்டால் பிழைக்குமா? கூடத்திலிருந்து கணவர் ஸ்ரீனிவாசன், “பாகீ, அடுப்புல என்னமோ தீயறதே, கவனிக்கலையா?” என்றார். அவள் கவனிக்கவில்லை, குழுவை விட்டுத் தொலை, இனி என் கண்ணில் படாதே என்று அவனுக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அதற்கு முன்னால் என்ன செய்தாள்? படம் திறந்த நொடியில் இரண்டு விரலால் பெரிதாக்கினாள், தேன்குழல் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது, அதேதான், சந்தேகமே இல்லை, அப்போது அவள் வாயிலிருந்து வந்தது ஐயோ இல்லை, ஆஹா. அருவருப்பெல்லாம் பிறகு வந்தது, நிதானமாக, கைகால் கழுவிக்கொண்டு. கிழங்கு என்று எழுதியது யார், அவனா? முகத்தை மட்டும் படம் பிடிக்கிற அந்த முட்டாள்களால் எந்தச் செடியாவது செத்ததா? எழுதிய வசவை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மன்னிப்பு மாதிரி ஏதாவது எழுதத்தான் ஆரம்பித்தாள், ஆனால் திரையில் நின்றது வேறு: ராகேஷ், வாடுறதுக்குள்ள ஒரு பூவை நடுவில் பிளந்து உள்பக்கம் படம் எடுத்து அனுப்பு. அனுப்பவில்லை, விரல் மட்டும் மேலே நின்றது. அனுப்பினால் செய்துவிடுவான், டீச்சர் சொன்னதை அவன் ஒருபோதும் தட்டியதில்லை.