உட்காராத விடுதி

நெற்குப்பையில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கியிருந்தார் குருநாதன். நாற்பது வயதுக்காரர். அங்கே வரவேற்பு மேசை முத்தரசுவுடையது. அவருக்கு ஐம்பத்தெட்டு. புதிதாக வந்த மேனேஜர் சுபலட்சுமிக்கோ அவருடைய கடைசி மகள் வயதுகூட இருக்காது.

முதல் நாள் அவள் உள்ளே வந்ததும் முத்தரசு எழுந்து நின்றார். மேலதிகாரி நிற்கும்போது தான் உட்காருவதா? அவளும் உட்காரவில்லை. அப்பா வயதுக்காரர் நிற்கும்போது தான் உட்காருவதா?

"உக்காருங்க மேடம்."

"நீங்க மொதல்ல உக்காருங்கய்யா."

இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாளும் அதே கூத்துதான். வேலையில் ஒரு குறையும் இல்லை. அவள் கம்ப்யூட்டரில் அறைகளைப் பதிவு செய்வாள், இவர் மக்கர் செய்யும் மோட்டாரையும் முறைக்கும் சமையல்காரரையும் சமாளிப்பார். எல்லாம் நின்றபடியேதான்.

பாவம், முத்தரசுவின் முட்டிதான் வீங்கிப்போனது. வாய்விட்டுச் சொல்லவும் பயம். நிற்க முடியாதவருக்கு இங்கே என்ன வேலை என்று முதலாளி அனுப்பிவிட்டால்? வீட்டில் சும்மா கிடக்க அவரால் ஆகாது.

தங்க வந்த பிரெஞ்சுக்காரர்கள் இதை இந்த ஊர் மரபு என்று எடுத்துக்கொண்டார்கள். தட்டைக் கையில் ஏந்தி, நின்றுகொண்டே பணியாரம் தின்றார்கள். உட்காராமல் உபசரிக்கும் அரிய பண்பாடு என்று இணையத்தில் புகழ்ந்து தள்ளினார்கள். அதைப் படித்தவர்கள் நிற்பதற்கென்றே வந்தார்கள். குருநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலிகளையெல்லாம் பின்கட்டு இருட்டறையில் அடுக்கச் சொன்னார். விருந்தாளிகள் முன்னால் அவரும் உட்காருவதில்லை.

ஒரு மத்தியானம் முத்தரசுவால் தாங்கவே முடியவில்லை. யாரும் பார்க்காத நேரமாக இருட்டறைக் கதவைத் திறந்தார். உள்ளே ஒரு நாற்காலியில் சுபலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"உக்காருங்கய்யா."

"நீங்க உக்காருங்க மேடம்."

"மூணு எண்ணுறேன். ரெண்டு பேரும் சேந்து உக்காருவோம்."

எண்ணினாள். மூன்று சொல்லியும் இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மற்றவர் உட்காரட்டும் என்று ஆளுக்கு ஆள் காத்திருந்தார்கள்.

சுபலட்சுமி எட்டிக் கதவைச் சாத்தினாள். கும்மிருட்டு. இரண்டு நாற்காலிகள் கிறீச்சிட்டன. முத்தரசுவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"முட்டி போச்சு மேடம். மொதலாளிகிட்டச் சொல்லிராதீக, வேலையே போயிரும்."

"எனக்குக் குதிகால் போச்சுங்கய்யா."

அப்போது நாற்காலிக் குவியலுக்குப் பின்னாலிருந்து யாரோ செருமினார்கள். குருநாதனின் குரல். முத்தரசு நாற்காலி கிறீச்சிடக் கையை ஊன்றி எழப் போனார்.

"அண்ணே, கும்புடுறேன், எந்திரிக்காதீக!" என்றார் முதலாளி. "நீங்க எந்திரிச்சா நானும்ல எந்திரிக்கணும்."